பசலின்னா என்னன்னு கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

நேற்று நம் ஊர்க் குழுவில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி முழுக்கச் சொல்லப் போவதில்லை. நிலம் வாங்கப் போகும் ஒரு பெண், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே வரி. "அடங்கலில் பசலின்னு ஒரு எண் போட்டிருக்கு, அப்படின்னா என்ன?" வந்தவை வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "தமிழ்நாட்டுலதான் பொறந்தீங்களா" என்று ஒரு பெரிய மனிதர். "இதுகூடத் தெரியாம நிலம் வாங்க வந்துட்டாங்க" என்று இன்னொருவர். பதில் மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. கேள்வியை அழித்துவிட்டு அவர் குழுவை விட்டே போய்விட்டார். திருப்தியா?

சிரித்தவர்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க நம் ஆட்களால் முடியவே முடியாதே!

சரி, நானே சொல்கிறேன். பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. அக்பர் காலத்து ஏற்பாடு. ஹிஜ்ரி ஆண்டு நிலவை வைத்து ஓடுவதால் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வந்துவிடும், வரி கட்டச் சொல்லும் மாதத்தில் வயலில் கதிரே இருக்காது. அதனால் அறுவடையை ஒட்டித் தனியாக ஒரு ஆண்டு வைத்தார்கள். நம் பக்கம் அது ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூன் வரை பசலி 1434, ஜூலை பிறந்ததும் 1435. தாலுகா ஆபீசில் வருடா வருடம் ஜமாபந்தி நடப்பதும் இந்தக் கணக்கைச் சரிபார்க்கத்தான். இவ்வளவுதான் விஷயம், இதைத் தட்டுவதில் யாருக்கு என்ன தேய்ந்துவிடும்?

"கூகுளில் தேட வேண்டியதுதானே?" தேடலாம். அப்புறம் மனிதர்கள் இருக்கும் குழு எதற்கு, காலை வணக்கம் படம் போடவா? "ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்." உண்மைதான், எரிச்சலாகத்தான் இருக்கும். கடந்து போங்களேன், யார் கையைப் பிடித்து இழுத்தார்கள்?

எங்கள் அப்பாவிடம் ஒரு அலுவலகத்தில் "வில்லங்கம் போட்டு எடுத்துட்டு வாய்யா" என்றார்கள். அவருக்குத் தெரிந்த வில்லங்கம் வம்பு வழக்குதான். நிலத்தில் ஏதோ தகராறு என்று நினைத்து அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. விற்பனை, அடமானம் என்று அந்தச் சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று பதிவுத்துறை கொடுக்கும் சான்று அது என்று எங்களுக்குச் சொன்னவர், வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஒரு பெரியவர். அப்பா ஏன் உள்ளேயே கேட்கவில்லை என்றால், அதற்கு முன்பு, நிலம் யார் பேரில் இருக்கிறது என்று காட்டும் சிட்டாவைப் பற்றி "சிட்டான்னா என்னங்க" என்று கேட்டபோது அந்த சீட்டில் இருந்தவர் பக்கத்து சீட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அதற்கப்புறம் அப்பா எங்கேயும் எதையும் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் என்ன சொல்லுது என்று கேட்கவில்லை, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நேற்று அந்தப் பொம்மைகளைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். ஆமாம், படுகிறேன்.

தமிழ்நாட்டில் பிறந்த பெரிய மனிதருக்கு ஒரு தகவல். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற அகராதியில் ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். அதற்குப் பிறகும் விட்டுப்போனதைச் சேர்த்து 1939-ல் அனுபந்தம் போட்டார்கள். பண்டிதர்களுக்கே விட்டுப்போயிருக்கிறது, ஆனால் நிலம் வாங்கப் போகும் ஒரு பெண்ணுக்கு ஒன்று விட்டுப்போனால் பிறப்பையே சந்தேகப்படுவீர்கள். நல்லா இருக்கு உங்க நியாயம்.

கேட்பது கேவலம் இல்லை. கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பதுதான் கேவலம், எத்தனை முறை வேண்டுமானாலும் இதையே சொல்வேன்.

நத்தம், கிரயம், உட்பிரிவு, எதுவானாலும் இங்கே கேளுங்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுங்கள். சிரிப்புப் பொம்மையோடு வருபவர்களை யோசிக்காமல் பிளாக் செய்வேன், அப்புறம் கருத்துச் சுதந்திரம் என்று இன்பாக்ஸில் வந்து நிற்க வேண்டாம்.