ஆஃப் சீசனில் இரண்டு வகை உண்டு

ஏப்ரல் பிறந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சகலை ஒரு கேள்வியைப் போட்டுவிடுவார்: "இந்த வருஷம் ஊட்டியா, கொடைக்கானலா?" ஒவ்வொரு வருஷமும் பதில் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. இங்கே விரிவாக எழுதிவைத்துவிட்டால் அடுத்த முறை லிங்க்கை மட்டும் அனுப்பிக்கொள்ளலாம்.

என் கட்சி இதுதான். எந்த ஊர் என்பதை நாம் முடிவு செய்கிறோம், எந்த மாதம் என்பதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முடிவு செய்கிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று யாரும் பார்ப்பதில்லை. பொருந்தாத ஊருக்குப் பொருந்தாத மாதத்தில் போய்விட்டு, "ஊட்டி முன்ன மாதிரி இல்லப்பா" என்று திரும்பி வருகிறோம்.

மே மாத ஊட்டியையே எடுத்துக்கொள்வோம். கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்த்தான் சென்னை உயர்நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சொன்னது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வந்துவிட்டது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஒரு மலைக்குள் எத்தனை வண்டி போகலாம் என்று நீதிமன்றம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்றால், அங்கே காற்று வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. பாதிப் பயணம் கல்லாறு கொண்டை ஊசி வளைவில் முன்னால் நிற்கும் டெம்போ டிராவலரின் புகையிலேயே கழிந்துவிடும். அறை வாடகையைச் சொல்லவே வேண்டாம். மலர்க் கண்காட்சி மே மாதத்தில்தானே என்பார்கள். அது உண்மை, மறுக்கவில்லை. அதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மே மாதமே போங்கள், அரசுப் பேருந்தில் போங்கள். இந்த வண்டிக் கணக்கு பேருந்துக்குக் கிடையாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். "ஆஃப் சீசன்ல போனா சல்லிசா முடிச்சிடலாம்" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ஆஃப் சீசன் என்பது ஒன்றல்ல. பள்ளிக்கூடம் திறந்திருப்பதால் ஆள் வராத மாதம் ஒரு வகை. வானமோ கடலோ "இப்போ வராதே" என்று சொல்வதால் ஆள் வராத மாதம் இன்னொரு வகை. முதல் வகையில் போனால் லாபம். இரண்டாவது வகையில் போனால், தள்ளுபடியில் கிடைத்த அறைக்குள் ஈரத் துணியோடு உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு வரலாம். அதுவும் கரண்ட் இருந்தால்.

ஊட்டிக்குப் பிப்ரவரி முதல் வகை. உறைபனி குறைந்து, பகலில் பளிச்சென்ற வெயிலும் ராத்திரியில் ஸ்வெட்டர் கேட்கும் குளிருமாக இருக்கும். தாவரவியல் பூங்காவில் மே கண்காட்சிக்கான தொட்டிகளைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். அந்த வேலையைப் பார்ப்பதே எனக்குக் கண்காட்சியைவிடப் பிடிக்கும், ஆனால் இது என் தனிப்பட்ட கோளாறு. நவம்பர் ஊட்டியோ இரண்டாவது வகை. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயிலைத் தண்டவாளத்தில் மண் சரிந்து நிறுத்திவைப்பது வடகிழக்குப் பருவமழையில் வழக்கமான செய்தி. அந்த ரயிலில் போகவேண்டும் என்று குழந்தையிடம் ஆசை காட்டி நவம்பரில் டிக்கெட் போடாதீர்கள்.

நீலகிரியைப் பற்றி இன்னொன்று. அந்த ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு நாட்காட்டி ஓடுகிறது. கூடலூர், அவலாஞ்சி பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழைக்கு மார்பைக் காட்டி நிற்பவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுவதும் கிடைப்பதே சுமார் 140 செ.மீ.தான். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்குப் பிறகுதான் பெரிய மழை. ஆகவே ஆகஸ்டில் "நீலகிரி போகலாமா" என்று கேட்டால், நீலகிரியில் எந்தப் பக்கம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

தமிழ்நாட்டின் அதிர்ஷ்டமே இந்த இரட்டை மழைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே மழை, நாம் மலைக்கு இந்தப் பக்கம் காற்று வாங்கலாம். அக்டோபர் 20 வாக்கில் இருந்து டிசம்பர் வரை கிழக்கே மழை, முடிந்த கையோடு ஏரியும் வயலும் நிறைந்திருக்கும். வருஷத்தில் எந்த மாதமானாலும் இங்கே ஏதோ ஒரு ஊர் அதன் நல்ல நேரத்தில்தான் இருக்கிறது.

இதற்குக் குற்றாலத்தைவிட நல்ல சான்று கிடையாது. அந்த ஊரை நம் ஆட்கள் சீசனில்தான் தேடிப் போகிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சி. கேரளத்தில் ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்தால், மலையில் விழும் தண்ணீர் இந்தப் பக்கம் அருவியாக இறங்கும். ஊருக்குள் அடைமழை கிடையாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும், முகத்தில் தூவிவிட்டுப் போகும் சாரலும்தான். மேற்கே கேரளம் மழையில் ஊறிக்கொண்டிருக்க, நாம் கிழக்கே நின்று பாதி வெயிலும் பாதிச் சாரலுமாக அனுபவிக்கிறோம். பேரருவியில் வரிசை நீளமென்றால் ஐந்தருவி, அங்கேயும் தள்ளுமுள்ளு என்றால் புலியருவி. குளித்து முடித்து நடுக்கத்தோடு வெளியே வந்தால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருப்பார்கள். அப்புறம் செங்கோட்டைப் பக்கம் பார்டர் புரோட்டா. இதில் எதையும் மார்ச் மாதத்தில் போய்க் கேட்க முடியாது. மார்ச்சில் அங்கே பாறைதான் இருக்கும்.

ஆனால் சீசன் என்பது தேதி குறித்த கல்யாணம் அல்ல. ஒரு வாரம் கொட்டும், அடுத்த வாரம் நூலாக ஒழுகும். மூன்று மாதத்துக்கு முன்னால் அறை போட்டுவிட்டு, "ஜூலை 12ம் தேதி தண்ணி விழணும்" என்று எதிர்பார்க்கக் கூடாது. தென்காசியில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் புறப்படுவதற்கு முந்தின நாள் போன் போட்டு "தண்ணி விழுதா?" என்று கேட்பது எந்த வானிலை செயலியைவிடவும் மேல். மதுரையில் இருப்பதால் எனக்கு அது சுலபம், காலையில் கேட்டு மதியம் போய்விடலாம். சென்னையில் இருந்து வருபவர்கள் ஜூலை நடுவில் ஒரு வாரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, வார நாளில் வாருங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. 2024 மே 17 அன்று, சீசனே தொடங்காத கோடை மழையில், பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். மேலே மலையில் பெய்வது கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. காவலர் விசில் ஊதினால் "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று கெஞ்சுகிற ஆட்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கூடவே அவர்கள் பிள்ளைகளும் நிற்பதுதான் வயிற்றெரிச்சல்.

கடலுக்கு வருவோம். கடற்கரை ஊருக்கு எந்த மாதமும் போகலாம், கடல் எங்கே போய்விடும் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. ராமேஸ்வரத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் சீறும், வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்று வந்தால் அப்படியே மாறும். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பரில். அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டதால் டிசம்பர் மாறிவிடவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கிடந்ததும் மறந்திருக்காது. தென்கோடிக் கடற்கரைக்கு என் ஓட்டு பொங்கல் கழிந்ததிலிருந்து மார்ச் வரை. கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றாலும் குளிர்கால மாதங்கள்தான் சரி. கோடையில் அது வடமேற்கே ஒதுங்கி நிலத்துக்குப் பின்னால் போய்விடும். ஜூன், ஜூலையில் போனால் கடல் சீற்றம் என்று விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்திவிடுகிற நாட்கள் அதிகம்.

மீன் சாப்பிடுவதற்கென்றே பயணம் போகிற ஜாதி நான். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகில் வருகிற கொஞ்சநஞ்ச மீனுக்கு விலை எகிறிவிடும், மற்றதெல்லாம் வெளியூர் ஐஸ் மீன். மே மாதம் கடற்கரை ஊருக்குப் போய் "இங்கேயே மீன் நல்லா இல்லையே" என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

சரி, இவ்வளவும் பேசியாயிற்று, பள்ளிக்கூடத்தை என்ன செய்வது? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று கல்யாணமாகாதவர்கள், அல்லது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்தும் வேலை பார்ப்பவர்கள். மளிகைக் கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் பிப்ரவரியில் பிள்ளையை லீவு போடச் சொல்லி ஊட்டிக்குப் போக முடியாது. அவர்களுக்கு மாதத்தை மாற்ற வழியில்லை. ஊரை மாற்றத்தான் வழி இருக்கிறது.

நம் பள்ளி நாட்காட்டியிலேயே உட்கார்ந்திருக்கும் புதையல் செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. தென்மேற்கு மழை ஓய்ந்துகொண்டிருக்கும், வடகிழக்கு இன்னும் வந்திருக்காது. மலையெல்லாம் கழுவிவிட்ட பச்சை, அருவிகளில் தண்ணீர், காட்டுத்தீ பயம் இல்லை. மூணாறு, வால்பாறை, கொடைக்கானல் எல்லாமே வருஷத்தில் மிக அழகாக இருக்கும் நேரம் அதுதான் என்பேன். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு என்பதால் ஜூலைக் கடைசியில் நினைவு வைத்துக்கொண்டால் போதும். மலை வேண்டாம் என்றால் நவராத்திரி அந்தப் பக்கத்தில்தான் வரும், குலசேகரன்பட்டினம் தசரா இருக்கிறது. வேஷம் கட்டிய ஊரே தெருவில் இறங்கும். ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

அரையாண்டு விடுமுறைக்குக் கொடைக்கானல் குளிரை நம்பிப் போவதற்குப் பதில் தஞ்சாவூர்ப் பக்கம் போங்கள். சம்பா பயிர் நிற்கும் வயல்கள், மார்கழிக் காலைக் கோயில்கள். மழை ஒழுங்காகப் பெய்து ஏரி நிறைந்த வருஷம் என்றால் வேடந்தாங்கலும் கோடியக்கரையும். ஏரி நிறையாத வருஷம் பறவைகளும் வராது, ஆகவே நவம்பர் செய்தியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புயல் சின்னம் என்ற சொல் காதில் விழுந்தால் பையை அவிழ்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

மே மாதம்? மதுரைக்காரனிடம் கேட்டால் சித்திரைத் திருவிழா என்றுதான் சொல்வான். வெயில் கொளுத்தும், கூட்டம் நெரியும், ஆனால் அழகர் ஆற்றில் இறங்குவது பிப்ரவரியில் நடக்காதே. இங்கே கூட்டம்தான் காட்சி, ஊட்டியில் அது இடைஞ்சல். அதுவும் வேண்டாம், அமைதியாக வேண்டும் என்றால் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம். வேடந்தாங்கல் காலியான பிறகும் அங்கே கூழைக்கடாவும் நாரையும் தெருவோர மரங்களிலேயே குஞ்சுகளோடு இருக்கும். காலை ஏழு மணிக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும், பிறகு வெயில் விடாது.

காட்டில் நடக்கிற ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று. பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை தீக்காலம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தது நினைவிருக்கும். வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது, தீக்காலத்தில் அவற்றை மூடுகிறார்கள். அதே சமயத்தில் வரையாடு குட்டி போடும் காலம் என்று மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவையும் மூடிவிடுவார்கள். "ரகசியமா கூட்டிட்டுப் போறோம்" என்று எவனாவது இன்ஸ்டாகிராமில் கூப்பிட்டால் போகாதீர்கள்.

இரவிகுளம் என்றதும் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி ஞாபகம் வந்துவிட்டது. 2006, 2018, அடுத்தது 2030. ஜூலை கடைசியில் இருந்து அக்டோபர் வரை பூக்கும். 2018ல் அறையெல்லாம் போட்டுக் காத்திருந்தவர்களின் கனவை ஆகஸ்ட் வெள்ளம் கெடுத்தது, மூணாறுக்குப் பாதையே இல்லாமல் போனது. அதனால் 2030க்கு என் யோசனை ஆகஸ்ட் அல்ல, செப்டம்பர் கடைசி, அதாவது காலாண்டு விடுமுறை. இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அந்த வருஷம் மகள் கல்லூரியில் இருப்பாள் என்றும், கல்லூரியில் காலாண்டு விடுமுறையே கிடையாது என்றும் மனைவி சொல்லிவிட்டார்.