பூத்த பயிருக்குத் தண்ணீர்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளிவிட்டு வந்ததும் சொல்கிற முதல் செய்தி, "இன்னைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேம்மா" என்பதுதான். கணக்கை முதலில் முடித்துவிடுகிறாள். மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிற வயதா அது? பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலும் விடையை எழுதிக் கொடுத்திருக்கிறாள். "வாலு ஜாஸ்தி" என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். டீச்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரே அறையில் மூன்று வகுப்பு, ஒரே ஆள்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. டபுள் ப்ரமோஷன் கேளுங்கள் என்றார் ஒருவர். டவுனில் அபாகஸ் சேர்த்துவிடு என்றாள் நாத்தனார். சேர்த்தேன். ஒரு மாதத்தில் வேகம் கூடியது, உண்மை. ஆனால் சீக்கிரம் முடித்துவிடுவதுதானே அவளுக்கு ஏற்கெனவே இருந்த பிரச்சினை!

எங்கள் பக்கம் ஒரு பிள்ளை கணக்கில் நூறு வாங்கினால் போதும், கும்பகோணத்து ராமானுஜனை இழுத்துவிடுவார்கள். சரி, இழுத்தால் முழுசாக இழுப்போம். 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பையன் அவர். வீட்டில் தங்கியிருந்த இரண்டு கல்லூரி மாணவர்களிடம் இருந்த கணக்கையெல்லாம் 11 வயதுக்குள் கறந்துவிட்டார். பின்னால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்ததும் அவரேதான். இதில் எனக்குப் பிடித்தவர்கள் அந்த இரண்டு மாணவர்கள். சின்னப் பையனைப் 'போடா' என்று விரட்டாமல் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

2022இல் அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க வந்த திட்டம். பின்தங்கிய பிள்ளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. மலருக்கு அப்புறம் என்ன என்பதுதான் என் கேள்வி. பூக்கிற நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் குறைந்தால் பதராகிவிடும் என்று இங்கே யாருக்குத் தெரியாது?

போன மார்கழியில் என் மாமியார் வாசலில் இடைப்புள்ளிக் கோலம் வைத்துக்கொண்டிருந்தார். நடுவரிசையில் 7 புள்ளி, இரண்டு பக்கமும் குறைந்துகொண்டே போய் 4இல் முடிகிற கோலம். "மொத்தம் எத்தனை புள்ளி அப்பாயி?" என்று ஆரம்பித்தாள் மகள். அவருக்குத் தெரியாது, 40 வருஷமாக எண்ணாமலே வைக்கிறார். எண்ணினாள், 37. சின்னக் கோலங்களையும் எண்ணினாள். 3இல் தொடங்கி 2இல் முடிந்தால் 7 புள்ளி. 5இல் தொடங்கி 3இல் முடிந்தால் 19. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "12 கூடுது, அப்புறம் 18 கூடுது. அடுத்து 24 கூடும். 9 புள்ளி வச்சா 61" என்றாள். வைத்துப் பார்த்தோம். 61!

ஏன் ஆறாறாகக் கூடுகிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொன்னது எதிர்வீட்டுப் பையன். பள்ளியில் இன்னும் அரும்பில் இருக்கிறவன். "பெரியம்மா, நடுப்புள்ளியச் சுத்தி ஆறு மூலையா நிக்குது பாருங்க. ஒவ்வொரு சுத்துலயும் மூலைக்கு ஒண்ணு கூடுது" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவனை எந்தத் தேர்வு வைத்து 'திறமைசாலி' வரிசையில் சேர்ப்பார்கள்? ஏழெட்டு வயதில் வடிகட்டினால் முதலில் கீழே விழுகிறவன் இவன்தான்.

அதனால் பள்ளியில் நான் கேட்டது ஒன்றுதான். தனி வகுப்பும் வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் புத்தகமும் வேண்டாம். கரும்பலகை ஓரத்தில் வாரத்துக்கு ஒரு கேள்வி, சட்டென்று விடை வராத கேள்வி, எழுதிப் போடுங்கள். முடித்தவர்கள் அதில் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும், முடிக்காதவர்களும் எட்டிப் பார்க்கட்டும். டீச்சர் சிரித்தார், "கேள்விய நீங்களே எழுதி அனுப்புங்க" என்றார். வேலை என் தலையில்!

முதல் கேள்வியையும் பிள்ளைகளே கொடுத்துவிட்டார்கள். நடுப்புள்ளி மட்டும் வைத்தால் 1. அதையும் சேர்த்து 1, 7, 19, 37 நாலையும் கூட்டினால் 64 வருகிறது. வழியில் நிறுத்தி நிறுத்திக் கூட்டினால் 1, 8, 27, 64. ஏன் என்று இரண்டு பேரும் தினமும் திண்ணையில் சண்டை போடுகிறார்கள். தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் எழுதாதீர்கள், அவள் என் போனைப் பார்க்கிறாள்.