எம். எம்மெட் வால்ஷ்: படத்தை விடுங்கள், காட்சியைப் பாருங்கள்

2024 மார்ச்சில், 89 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது அமெரிக்கத் துணை நடிகர் எம். எம்மெட் வால்ஷ் காலமானார். அப்போது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பாதிக்கு மேல் விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டின் 'ஸ்டான்டன் – வால்ஷ் விதி'யில்தான் போய் நின்றன. ஹாரி டீன் ஸ்டான்டனோ எம்மெட் வால்ஷோ துணைப் பாத்திரத்தில் இருந்தால் அந்தப் படம் முழுக்க மோசமாக இருக்க வாய்ப்பில்லை என்பது அந்த விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. ஸ்டான்டன் நடித்த ஒரு படத்தால் விதி உடைந்துவிட்டது என்று ஈபர்ட்டே பிறகு ஒப்புக்கொண்டார். வால்ஷ் ரயில் ஓட்டுநராக வந்த 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' 1999-இன் மோசமான படம் என்று ராஸி 'விருது' வாங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நடித்த ஒருவர் குப்பைப் படங்களில் இல்லாமல் இருக்க முடியுமா என்ன?

இந்த விதி வால்ஷை ராசியான ஆள் ஆக்கிவிடுகிறது, என் எரிச்சல் அதுதான். அவர் ராசி இல்லை, தொழில்காரர். இரண்டு மணி நேரப் படத்தில் ஐந்து நிமிடம் வருபவர் படத்தைக் காப்பாற்ற முடியாது. தனக்குக் கொடுத்த காட்சி செய்ய வேண்டிய வேலையைச் செய்துமுடிக்க மட்டும்தான் முடியும். அவரை எடைபோட வேண்டியதும் அங்கேதான்.

வரலாறு சுருக்கமாக. 1935-இல் நியூயார்க் மாநிலத்து ஆக்டன்ஸ்பர்க்கில் பிறந்து வெர்மான்ட்டில் வளர்ந்தவர். மூன்று வயதில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடது காது கேட்காது. கல்லூரியில் படித்தது வணிக நிர்வாகம். பிறகு நியூயார்க்கில் நடிப்புப் பயிற்சி, அதன்பின் வருடக்கணக்கில் மேடை. சினிமாவுக்கு வந்தபோது வயது 34. தொப்பை, வழுக்கை, கிழக்குக்கரைப் பேச்சு. கதாநாயகன் ஆகலாம் என்ற கனவே வரமுடியாத உருவம். அந்தக் கனவு இல்லாததால் வேலை சுலபமாயிற்று என்றே நினைக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது 1978-இல் வந்த 'ஸ்ட்ரெய்ட் டைம்'. சிறையிலிருந்து பரோலில் வரும் திருடனாக டஸ்டின் ஹாஃப்மன், அவரைக் கண்காணிக்கும் அதிகாரி ஏர்ல் ஃபிராங்காக வால்ஷ். இந்தப் பாத்திரத்தைக் கையில் வாங்கும் பத்து நடிகரில் ஒன்பது பேர் முதல் காட்சியிலேயே கொடுமைக்காரனாக முறைப்பார்கள். வால்ஷ் சிரிக்கிறார். பல்லெல்லாம் தெரிய, ஊர்ப் பெரியவர் மாதிரி. ஹாஃப்மன் கேட்கும் சின்னச் சின்ன விஷயத்தையும் பெரிய மனசு பண்ணிக் கொடுப்பதுபோல் கொடுக்கிறார். அந்தச் சிரிப்பில் எரிச்சல்பட ஒன்றுமே இல்லை. ஆனாலும் நமக்கு எரிகிறது, ஏனென்றால் இந்த ஆளிடம் எதிர்த்துப் பேச வழியே இல்லை. பிறகு அறையைச் சோதிக்கும்போது யாரோ போதை மருந்து ஏற்றிய தடயம் கண்ணில் படுகிறது. அதே சிரித்த முகத்தோடு விலங்கு மாட்டுகிறார். சோதனையில் ஹாஃப்மன்மேல் தப்பில்லை என்று தெரிந்தபின் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போகும்போதும் அதே தோரணை. நெடுஞ்சாலையில் ஹாஃப்மன் வெடித்து, ஏர்லை அடித்து, சாலை நடுவிலிருக்கும் வேலியில் விலங்கிட்டு, கால்சட்டையை இறக்கிவிட்டுப் போகிறார். இதற்குப் பிறகு ஹாஃப்மனுக்குத் திருட்டுதான் வாழ்க்கை. கதையே இந்தத் திருப்பத்தின்மேல் நிற்கிறது. ஏர்ல் அப்பட்டமான வில்லனாக இருந்திருந்தால் 'அடி வாங்கட்டும்' என்று கைதட்டிவிட்டு மறந்திருப்போம். தன் வேலையைத்தான் செய்தார் என்று கொஞ்சம் தோன்றுவதால்தான் அந்தக் காட்சி உறுத்துகிறது. (இதே படத்தில் ஸ்டான்டனும் உண்டு. ஈபர்ட்டின் விதிக்கு இரட்டைக் காப்பு.)

இப்படி வந்துபோகும் நடிகரின் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாயகன் மாதக்கணக்கில் படப்பிடிப்பில் இருப்பார். இவர் ஒப்பந்தம் நாள் கணக்கு அல்லது வாரக் கணக்கு. எல்லோரும் பழகி முடித்த செட்டுக்குள் காலையில் நுழைந்து, மதியத்துக்குள் அந்தப் பாத்திரம் பத்து வருடமாக அங்கேயே இருப்பதுபோல் ஆகிவிட வேண்டும். வழக்கமாக முதலில் காட்சி முழுவதையும் தூரத்திலிருந்து எடுப்பார்கள். பிறகு நாயகனின் குளோசப். சிறு நடிகரின் குளோசப் பெரும்பாலும் கடைசியில், வெளிச்சமும் நேரமும் தீர்ந்துகொண்டிருக்கும்போது வரும். சில சமயம் எதிரில் நாயகன் இருக்க மாட்டார், உதவியாளர் ஒருவர் வசனத்தைப் படிப்பார். தூரக் காட்சியில் எந்தச் சொல்லில் கோப்பையைத் தூக்கினாரோ, குளோசப்பிலும் அதே சொல்லில் தூக்க வேண்டும். மாறினால் எடிட்டரால் இரண்டையும் ஒட்ட முடியாது. அப்போது வெட்டுப்படுவது நாயகனின் முகம் அல்ல, இவருடையது.

சிறு வேடக்காரர்கள் கெட்டுப்போகும் இடமும் இதுவே. கிடைத்த இரண்டு நிமிடத்தில் கவனம் இழுக்க மூக்கைச் சொறிவது, தொப்பியைச் சுழற்றுவது என்று அடுக்குவார்கள். அடுத்த டேக்கில் எதை எப்போது செய்தோம் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. வால்ஷ் அப்படி நிறையச் செய்வதுபோல் நமக்குத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் ஒரு காட்சிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மீதியைக் குரலும் மூச்சும் பார்த்துக்கொள்ளும்.

'பிளேட் ரன்னர்' (1982) இன்னொரு பாடம். போலீஸ் கேப்டன் பிரையன்ட் சொல்லவேண்டியது முழுக்கத் தகவல்: தப்பி வந்த ரெப்ளிகன்ட்கள் (மனிதரைப் போலவே செய்த செயற்கை மனிதர்கள்) எத்தனை, எந்த மாடல், நான்கு வருட ஆயுள், யார் எதற்காகச் செய்யப்பட்டவர். தகவலை மட்டும் பேசும் பாத்திரம்தான் நடிகருக்கு எமன். விளக்கத் தொடங்கினால் பள்ளிக்கூடப் பாடம் ஆகிவிடும். வால்ஷ் விளக்குவதில்லை. விஸ்கியும் கையுமாக, பழைய ஆளை மிரட்டி வேலை வாங்கும் மேலதிகாரியாக இருக்கிறார். அந்த மிரட்டலோடு சேர்ந்து தகவல் தானாக நம் காதில் விழுந்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: ஆறு பேர் தப்பினர், ஒருவர் மின்வேலியில் செத்தார் என்கிறார். மிச்சம் ஐந்து. படத்தில் தேடுவது நான்கு பேரை! ஒரு பாத்திரத்தைக் கைவிட்ட பிறகும் வசனம் அப்படியே நின்றுவிட்ட கோளாறு அது. 2007 இறுதிப் பதிப்பில்தான் இருவர் செத்ததாகத் திருத்தினார்கள். இருபத்தைந்து வருடம் அந்தத் தப்புக் கணக்கோடு ஓடிய படம். அவ்வளவு உறுதியாகச் சொன்னால் யார் கணக்குப் பார்ப்பார்கள்?

இயக்குநர்கள் கோயன் சகோதரர்கள் 'ஸ்ட்ரெய்ட் டைம்' பார்த்துவிட்டுத்தான் தங்கள் முதல் படமான 'பிளட் சிம்பிள்' (1984) படத்தின் துப்பறிவாளன் விஸ்ஸரை இவரை மனத்தில் வைத்து எழுதினார்கள். டெக்சாஸில் எடுத்த படம். மஞ்சள் சாயலில் ஒரு மலிவு சூட், கௌபாய் தொப்பி, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார். மதுக்கடை முதலாளி தன் மனைவியையும் அவள் காதலனையும் கொல்ல 10,000 டாலர் தருகிறேன் என்கிறான். பணம் சரியாக இருந்து சட்டப்படியும் இருந்தால் செய்கிறேன் என்பது விஸ்ஸரின் பதில். சட்டப்படி இல்லை என்று தெரிந்ததும், பணம் சரியாக இருந்தால் போதும் என்று இறங்கி வருகிறான். இதைச் சொல்லும்போது வால்ஷ் கண்ணைச் சுருக்கவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. வாடகை பேசும் தொனிதான். முகத்தில் ஈ ஊர்கிறது, அதையும் கண்டுகொள்வதில்லை. விஸ்ஸர் பெரிய மூளைக்காரனும் இல்லை. தன் லைட்டரை மேஜைமேல் கிடக்கும் மீன்களுக்கு அடியில் மறந்துவிட்டு, அதற்காகவே மேலும் மேலும் சிக்கிக்கொள்கிறான்.

கடைசிக் காட்சியில் ஜன்னல் கட்டையில் கத்தியால் குத்திவைக்கப்பட்ட தன் கையை விடுவிக்க, விஸ்ஸர் நடுச்சுவரைத் துப்பாக்கியால் துளைத்து, மற்ற கையால் குத்தி உடைக்கிறான். கதவுக்கு அப்பாலிருந்து சுடும் முதலாளியின் மனைவி (பிரான்சிஸ் மெக்டார்மன்ட்), சுட்டது தன் புருஷனை என்று நினைத்துப் பேசுகிறார். செத்துக்கொண்டிருக்கும் விஸ்ஸருக்கு அந்தத் தப்பு புரிந்து, வெடித்துச் சிரிக்கிறான். பார்க்க நேர்ந்தால் சேதி சொல்லிவிடுகிறேன் என்கிறான். வலி, பயம், வேடிக்கை மூன்றையும் ஒரே சிரிப்பில் வைக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு ஒரு இழை கூடினால் கேலிப்படம், குறைந்தால் வசனம் வீண். இதற்காகத்தான் 1986-இல் முதல்முறை வழங்கப்பட்ட இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில் சிறந்த கதாநாயக நடிகர் விருது இவருக்குப் போனது. ஆஸ்கரில் ஒரு பரிந்துரைகூட வந்ததில்லை. அதற்காக ஒப்பாரி வைக்கும் பதிவுகளோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் குறையாகக் கிடைத்ததை வைத்து நடித்தவர் அல்ல, நிறைய வேலை பார்த்தவர்.

அந்த நிறைய வேலைக்குப் பின்னால் சங்கத்தின் கணக்கும் உண்டு. 1960 வேலைநிறுத்தத்தில் ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்டு வாங்கிய ஒப்பந்தப்படி, அந்த ஆண்டு முதல் எடுத்த படங்கள் தொலைக்காட்சிக்குப் போனால் நடிகருக்குத் தொகை வரும். வால்ஷின் மொத்தப் படங்களும் அதற்குப் பிந்தியவை. ஆனால் மருத்துவக் காப்பீடு பெற ஒரு நடிகர் வருடத்துக்குக் குறைந்தது இவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று வைத்திருந்த வரம்பு 2023-இல் 26,470 டாலர். இரண்டு நாள் வேடம் ஒன்றிரண்டு கிடைத்தால் எட்டாது. இடைவிடாமல் நடித்தவர்களுக்கு அதற்கான காரணம் ஆர்வம் மட்டும் இல்லை.

எண்பதைத் தாண்டி 'நைவ்ஸ் அவுட்' (2019) படத்தில் விஎச்எஸ் டேப்பைக் காட்டும் கிழக் காவலாளியாக வந்தார். செட்டில் குழுவினர் எல்லோருக்கும் இரண்டு டாலர் நோட்டு ஒவ்வொன்று கொடுத்தாராம், இதைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் கையில் காசில்லாத நிலை வராது என்று. இயக்குநர் ரையன் ஜான்சனே எழுதியது.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் 'ஸ்ட்ரெய்ட் டைம்', 'பிளட் சிம்பிள்', 'பிளேட் ரன்னர்' என்ற வரிசையில் போங்கள். பிறகு 'ரைசிங் அரிசோனா' (1987). பட்டறையில் நிக்கோலஸ் கேஜின் காதைத் தின்றுகொண்டு ஒரு விபத்துக் கதையை அளக்கும் ஆள் இவர்தான், வருவது ஒரே காட்சியில். அதை இரண்டு தடவை பாருங்கள், இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு.