மாதாவே இடம்பெயர்ந்தவ

போன ஞாயிறு சபையில் சாட்சி நேரம். மகனுக்குக் கனடா விசா கிடைத்தவர் எழும்பினார், ஒப்பரேசன் சுகமாக முடிந்தவர் எழும்பினார், எல்லாரும் கை தட்டினோம். எனக்கு முன் வாங்கில் இருந்த அக்கா எழும்பவில்லை. அவர் சாட்சி சொல்லி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. காணாமல் போன மகனைத் தேடுகிற தாய் அவர். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களில் ஒருவர். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் ஒருவர் வந்து, "அக்கா, கர்த்தருக்குள்ள சந்தோசமா இருங்கோ, விசுவாசம் முகத்தில தெரியோணும்" என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் இரண்டு நாளாக நித்திரை வரவில்லை.

ஏனென்றால் இதே கதையை நானும் கேட்டவன். 2018 டிசம்பரில், நத்தாருக்கு நாலு நாள் இருக்க, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்ததே, அதில் என் காலபோக நெல் மூன்று ஏக்கரும் குடலைப் பருவத்தில் தண்ணீருக்குள் போனது. மனைவியின் காப்பு அடகில். வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர் கண்ணை மூடுமுன்னமே, "தம்பி, விசுவாசத்தில எங்கயோ ஓட்டை இருக்கு, பாருங்கோ" என்றார். ஓட்டை வரம்பில் இருந்தது ஐயா, நான் பார்த்தனான். அதற்குப் பிறகு நெடுநாள் ஜெபிக்க இருந்தால் உரக்கடன் கணக்குத்தான் வந்தது. கடவுள் மேல் கோபம்கூட இல்லை, வெறும் வறட்சி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போவதை மட்டும் விடவில்லை, போய்க் கடைசி வாங்கில் இருந்துவிட்டு வருவேன்.

இந்தச் சந்தோசக்காரர்கள் எல்லாரும் பிடித்துக்கொள்கிற வசனம் பவுல் பிலிப்பியருக்கு எழுதியது: "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." மனரம்மியத்தைப் பிடிக்கிறார்கள், கற்றுக்கொண்டேன் என்பதை விட்டுவிடுகிறார்கள். கற்றுக்கொள்வதென்றால் பிழை விட்டு விட்டுத்தானே? முதல்நாள் மாடு பூட்டினவன் எவன் நேராய் உழுதான்? இன்னொன்று, மனரம்மியம் என்று சிறையிலிருந்து எழுதிய அதே பவுல்தான் தனக்கு நீதி கிடையாது என்று கண்டபோது "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று வழக்கை ரோமாபுரி வரைக்கும் கொண்டுபோனவர். ஆகவே படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருப்பதும் விசுவாசத்துக்கு வெளியே நடக்கிற காரியம் இல்லை. அந்த அக்காவுக்குப் புத்தி சொன்னவர் அப்போஸ்தலர் நடபடிகளை இன்னொருக்கால் வாசிக்கலாம்.

எலியா தீர்க்கதரிசியையும் பாருங்கோ. "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் சாகக் கிடந்தவர். (எங்கள் காட்டுச் சூரைக்குக் கீழ் ஒரு மனிசன் படுக்க ஏலாது, உடம்பெல்லாம் முள்ளுக் கிழிக்கும். அந்த வனாந்தரத்துச் செடி வேறு, மொழிபெயர்த்தவர்கள் சூரை என்று போட்டிருக்கிறார்கள். என்றாலும் சின்ன வயதில் சூரைப்பழம் ஆயப் போய்க் கீறல் வாங்கின எனக்கு அந்த மொழிபெயர்ப்புத்தான் பிடிக்கும்.) தூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் வைத்தானா? அடையும் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டார், திரும்பப் படுத்தார், படுக்க விட்டான். பிறகு இன்னொருதரம் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். அவ்வளவுதான்.

எனக்கு இதைப் படிப்பித்தது அம்மா. அவர் கத்தோலிக்கம், மடுக் கோயில் மாதா என்றால் உயிர். நான்தான் கலியாணத்தோடு சபை மாறினவன். 2009இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில், சண்டைக்குள் மாத்தளன் பக்கம் செபமாலையைத் தொலைத்துவிட்டு வந்த அம்மா, தறப்பாள் கட்டின நைலோன் கயிற்றில் ஒரு முழம் அறுத்துப் பத்து முடிச்சுப் போட்டார். பத்து முடியத் திரும்ப முதல் முடிச்சுக்கு வருவார், எத்தனையாவது சுற்று என்பதற்கு இடது கைவிரலை ஒவ்வொன்றாக மடிப்பார். ஒருநாள் இடையில் நிறுத்திவிட்டு, "மாதாவே, இண்டைக்கு எனக்கு உங்களோட கதைக்க விருப்பமில்லை" என்றார், சத்தமாக. நான் திடுக்கிட்டுப் போனேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், பிறகு விட்ட முடிச்சிலிருந்து தொடங்கினார். கோபமா என்று கேட்டேன். "கோவம்தான். அதுக்காக விட்டிட்டுப் போறதே? மாதாவே இடம்பெயர்ந்தவ, எங்கட பாடு அவவுக்குத் தெரியும்" என்றார். 2008 ஏப்ரலில் மடுவில் ஷெல் விழ, மாதாவின் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனதைத்தான் சொன்னார்.

அந்தக் கயிறு இப்போது என் வேதாகமத்துக்குள், சங்கீதம் 88இல் கிடக்கிறது. ஸ்தோத்திரம் இல்லாமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. எங்கள் சபையில் அதை வாசித்து நான் கேட்டதில்லை. வருகிற ஞாயிறு வேதபாடம் வாசிக்கிற முறை எனக்கு. அதைத்தான் வாசிக்கப் போகிறேன், போதகரிடம் இன்னும் சொல்லவில்லை.