மூன்றாவது கொப்பி எங்கே போகிறது?

சனிக்கிழமை எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில் கேள்வி கேட்ட ஒரு பிள்ளையைப் பார்த்து மண்டபமே சிரித்ததை நீங்கள் எல்லாரும் வட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். நாற்பது செக்கன் வீடியோ. அதை நான் இங்கே போடப் போவதில்லை. அந்தப் பிள்ளையின் முகம் போதுமான அளவு ஊர் சுற்றிவிட்டது. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நான்கு நாள் இருந்தேன். நேற்று இரவு ஒரு குரூப்பில், நான் மதிக்கிற ஒருவரே சிரிப்புப் படம் போட்டு "இதுதான் சரியான பதில்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு இருக்க முடியவில்லை.

நான் அந்த மண்டபத்தில் இருந்தேன். அவளுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். ஆகவே வீடியோ தொடங்குவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன்.

காலை முழுக்க உற்பத்தித்திறன் பற்றி வகுப்பு. கண்ணை மூடிப் பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். செய்தோம். "கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் கவனியுங்கள், எதையும் பழக்கதோஷத்தில் செய்யாதீர்கள்" என்றார் பயிற்றுநர். நல்ல பேச்சு, நானும் எழுதி வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே கேட்டார்: "உங்கள் வேலையில் நேரம் எங்கே வீணாகிறது? யாராவது சொல்லுங்கள்." யாரும் எழும்பவில்லை. கடைசியில் அவள் எழும்பினாள். முகாமைத்துவ உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதம்.

"சேர், நாங்கள் ஒரே போர்மை மூன்று கொப்பி எழுதுறம். ஒன்று எங்கட பைலுக்கு, ஒன்று தலைமை அலுவலகத்துக்கு. மூன்றாவது ஏன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அது எங்க போகுது சேர்?"

"தங்கச்சி, இதைக் கேட்ட நேரத்துக்கு ரெண்டு போர்ம் நிரப்பியிருக்கலாம்" என்றார் பயிற்றுநர்.

மண்டபம் சிரித்தது. வீடியோ அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கேள்வி கேட்பதும் வேலைதான். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கேள்வி கேட்பது வேலைக்கு நடுவே எடுக்கிற ஓய்வு இல்லை, வேலையைக் கெடுக்கிற காரியமும் இல்லை. அதுவே வேலை. காலையில் முன்னால் இருப்பதைப் பார் என்று சொல்லிக் கொடுத்தார்கள், மத்தியானம் அவள் பார்த்தாள். அந்த மண்டபத்தில் பாடத்தை உண்மையாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவளைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம்.

தக்காளி முறை பற்றியும் அன்று அரை மணித்தியாலம் சொன்னார்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. வீட்டுக்கு வந்து அது எங்கே இருந்து வந்தது என்று தேடி வாசித்தேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், 1980களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, மனம் ஒன்றாமல் தவித்திருக்கிறார். பத்து நிமிடமாவது உண்மையாகப் படிக்க என்னால் முடியுமா என்று தன்னைத்தானே கேட்டு, தக்காளி வடிவக் குசினி மணிக்கூடு ஒன்றை முடுக்கி வைத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கேள்வியில் இருந்துதான் முறை வந்தது. அவர் மணி பார்த்ததோடு நிற்கவில்லை. எது இடையில் குறுக்கிட்டது, எவ்வளவு என்று நினைத்த வேலை எவ்வளவு இழுத்தது என்று குறித்து வைக்கவும் சொல்கிறார். தன் வேலையைத் தானே பார்க்கப் பழகுவதுதான் அதில் முக்கியம். எங்களுக்கு மணிக்கூட்டை மட்டும் கொடுத்தார்கள்.

என் அப்பா படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், வேளாண்மை செய்தவர். வீடு இந்தப் பக்கம், வட்டை (வயல்வெளி) அந்தப் பக்கம். மண்முனைத் துறையில் பாதை ஏறித்தான் போவோம். (பாதை என்றால் றோட்டு என்று நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்கு: ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) லீவு நாட்களில் என்னையும் கூட்டிப் போவார். விடியற்காலை வட்டைக்குப் போனதும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பிலே நடப்பார். ஒன்றும் செய்ய மாட்டார். பக்கத்து வயல்காரர் அதற்குள் பாதி வேலை முடித்திருப்பார். எனக்குக்கூட வெட்கமாக இருக்கும்.

ஒருநாள் நடந்து போனவர் நின்றார். குனிந்து, வரம்போரத்துத் தண்ணீருக்குள் புறங்கையை வைத்தார். "வா புள்ள, நீயும் வை" என்றார். வைத்தேன். தண்ணீர் அசையாமல் நிற்பது போலத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் விரலிடுக்கில் மெல்லிய இழுப்பு ஒன்று, நூல் இழுப்பது போல. அப்பா கையை அந்த இழுப்போடு விட்டு, வரம்பின் அடியில் நண்டுப் பொந்தைக் கண்டுபிடித்தார். முதல்நாள் முழுக்கப் பாய்ச்சிய தண்ணீர் அதற்குள்ளால் இரவிரவாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வைக்கோலையும் களிமண்ணையும் சேர்த்து மிதித்து அடைத்தார். பத்து நிமிடம். அந்தக் கிழமை பக்கத்து வயல்காரர் மூன்று தரம் வக்கடை (தண்ணீர் விடுகிற வரம்பு வாய்) திறந்தார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அப்பாவின் அந்த நடையை யாராவது வீடியோ எடுத்திருந்தால் சோம்பேறி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

சரி, இனி என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்பொக்ஸில் ஏற்கெனவே வந்துவிட்டது.

"அன்றாடங்காய்ச்சிக்கு இதெல்லாம் சரிவருமா? வயிறு நிறைந்தவர்கள் பேசுகிற பேச்சு." அப்பாவின் கதையைத் திரும்ப வாசியுங்கள். எங்கள் வயிறு எப்போதும் நிறைந்திருந்ததில்லை.

"ஆளாளுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் அலுவலகம் நடக்குமா?" நியாயம்தான். கவுண்டரில் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது கேட்கக் கூடாது. அவள் அப்படிக் கேட்கவில்லையே. கேளுங்கள் என்று சொல்லி ஒலிவாங்கியை நீட்டிய நேரத்தில்தான் கேட்டாள்.

"இது வெள்ளைக்காரன் கதை, எங்கள் ஊருக்கு ஒத்துவராது." இதைச் சொன்னவர் கல்லடியில் இருக்கிறார். தினமும் சிவானந்தா பாடசாலை வளவைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார். அங்கே சமாதியில் இருப்பவர் யார்? காரைதீவில் 1892இல் பிறந்தவர், விஞ்ஞானம் படித்துப் படிப்பித்தவர், வழக்கொழிந்து போன யாழ் எப்படி இருந்திருக்கும், எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்டவர். பழைய நூல்களையும் கணக்கையும் வைத்துக்கொண்டு 14 ஆண்டுகள் அதன் பின்னால் போனார். யாழ் நூல் 1947இல் வெளிவந்தது, அதே ஆண்டில் விபுலாநந்த அடிகள் காலமானார். அவரிடம் போய், இந்தக் கேள்வியைக் கேட்ட நேரத்துக்கு ரெண்டு போர்ம் நிரப்பியிருக்கலாம் என்று நாங்கள் சொல்வோமா? சிலைக்கு மாலை போடுகிறோம். அவர் செய்த அதே காரியத்தை ஒரு பிள்ளை செய்தால் சிரிக்கிறோம்.

"கேட்ட விதம் சரியில்லை." இதுதான் எனக்குப் பொறுக்கவே இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னேனே. அவளுடைய கை நடுங்கியது. கேள்வியைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்து, இரண்டு தரம் என்னிடம் காட்டி, "கேட்கலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழும்பினாள். கேள் என்று சொன்னது நான். அதே மண்டபத்தில், அன்று காலையிலேயே, முன்வரிசையில் இருந்த ஒரு சேர் எழும்பி "இந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் உண்டா?" என்று கேட்டார். "நல்ல கேள்வி" என்று பதில் வந்தது. அந்த நாற்பது செக்கனில் இது இல்லை. கேட்டது ஒரு பெண், அதுவும் புதியவள், அதுவும் கடைசி வரிசை. விதம் சரியில்லை என்று சொல்பவர்கள் எந்த விதத்தைச் சொல்கிறீர்கள் என்று நேரடியாகவே சொல்லுங்கள்.

அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் ஆண்டில் நான் ஒரு கேள்வி கேட்டேன். அப்பாவோடு பாதையில் போகும்போது வாவித் தண்ணீரைக் கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். மாரியில் சப்பென்று இருக்கும், ஆவணியில் உப்புக் கரிக்கும். ஒரே வாவி, ஏன் இரண்டு ருசி? விஞ்ஞானப் பாடத்தில் எழும்பிக் கேட்டேன். "வாவித் தண்ணி குடிக்கிற ஆள் இவதான்" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முடியும்வரை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை. பாடசாலையில் கேட்கவில்லை, வேலைக்கு வந்தும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தேன், நல்ல பெயர் எடுத்தேன். மழைக்காலத்தில் ஆறுகளும் வட்டை வெள்ளமும் வந்து வாவியை நிரப்புவதால் உப்புக் குறைகிறது, வெயில் காலத்தில் நன்னீர் வரத்துக் குறைந்து, முகத்துவாரத்தால் வருகிற கடல் தண்ணீரும் வெயிலுமாகச் சேர்ந்து உப்பேறுகிறது என்று எனக்குத் தெரியவந்தபோது வயது முப்பத்தெட்டு. மகளின் புத்தகத்தில் களப்பு பற்றிய பாடத்தைப் பார்த்துவிட்டு, அவள் படுத்த பிறகு குசினி மேசையில் இருந்து தனியாகத் தேடி வாசித்தேன். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரு கேள்விக்குப் பதிலை அறிய ஆட்கள் ஆவலோடு காத்திருக்கும்போது, இடையில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டியிருக்கிறார்கள். பதில் நன்றாக நினைவில் நின்றது. அந்தச் சம்பந்தமில்லாத முகமும் நன்றாக நினைவில் நின்றது. ஆவல் இருந்தால் அதோடு சேர்ந்து மற்றதும் மனதில் ஒட்டுகிறது. அதை வாசித்தபோது நான் யோசித்தது ஒன்றுதான். எட்டாம் ஆண்டுக்குப் பிறகு பாடசாலையில் படித்ததில் எனக்கு என்ன நினைவிருக்கிறது? அநேகமாக ஒன்றும் இல்லை. அந்த ஆசிரியர் என் ஒரு கேள்வியை நிறுத்தவில்லை, எத்தனையோ வருடத்துப் படிப்பை நிறுத்தினார். அவருக்கு இது தெரியாது. சனிக்கிழமை சிரித்தவர்களுக்கும் தெரியாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மூன்றாவது கொப்பிக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை அதைத் தேடிப் போனேன். ஸ்டோர் அறையில் ஒரு இரும்பு அலுமாரி. கைபிடி துருப்பிடித்து, இரண்டு பேர் இழுத்துத்தான் திறந்தோம். உள்ளே சணல் கயிற்றால் கட்டிய கட்டுகள், மேலே புதியவை, அடியில் ஓரம் பழுப்பேறிக் கறையான் தின்றவை. அடித்தட்டுக் கட்டு ஒன்றில் மட்டை அட்டை கட்டியிருந்தது. நீல மையில், அழகான கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: அக்கரை.

யாருடைய கையெழுத்து என்று விசாரித்து, ஓய்வுபெற்ற ஐயா ஒருவருக்குக் கோல் எடுத்தேன். கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அந்தக் காலத்தில் படுவான்கரையில் எங்களுக்கு ஓர் உப அலுவலகம் இருந்தது. டெலிபோன் இல்லை. மூன்றாவது கொப்பி அங்கேதான் போகும், பாதையில் ஏற்றி அனுப்புவார்கள். யுத்தப் பிரச்சினை நாட்களில் பாதை ஓடாது. அப்போது கட்டி அலுமாரியில் வைப்பார்கள், ஓடத் தொடங்கியதும் அனுப்புவார்கள். இங்கே ஒன்று எரிந்தாலும் அங்கே ஒன்று இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். "சனங்களுக்குச் சல்லி கிடைக்கிற காகிதம் புள்ள அது, தொலைஞ்சா அதுகள் யாரிட்டப் போறது?" என்றார். அந்த ஐயாவுக்கு அந்தக் கொப்பி ஏன் என்று தெரிந்திருந்தது. அவர் செய்தது வேலை.

உப அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தார்கள், அங்கே இப்போது பாதை இல்லை. விபரம் எல்லாம் கொம்பியூட்டரில் ஏறுகிறது. கொப்பி மட்டும் நிற்கவில்லை. கார்பன் வைத்தால் எழுத்துத் தெளிவில்லை என்று அவள் கையால்தான் எழுதுகிறாள். ஒரு நாளைக்குச் சுமார் முப்பது போர்ம், மூன்றாவது கொப்பிக்கு ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். இரண்டு மணித்தியாலம், ஒவ்வொரு நாளும். அவள் கேள்வி கேட்க எடுத்தது இருபது செக்கன் இருக்குமா?

இத்தனை வருடமாக அந்த அலுமாரிக்குக் கொப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. நான் கேட்கவில்லை. அவள் ஏழு மாதத்தில் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "பார்ப்பம்" என்றார். அவளுடைய பெயரையும் அதில் எழுதியிருக்கிறேன், கண்டுபிடித்தது அவள் என்று.

அவளிடம் இதைச் சொன்னபோது "சரி அக்கா" என்று மட்டும் சொன்னாள். முன்பெல்லாம் ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பாள். இன்று மத்தியானம் ஒரு விண்ணப்பத்தில் பிறந்த திகதி பிழையாக இருந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்கும், அவளுடைய கண்ணுக்குத் தப்பாது. ஒன்றும் கேட்கவில்லை. மூன்று கொப்பியிலும் அதே பிழையை அழகாக எழுதி, என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.