ஓ.எம்.ஆரில் வீடு பார்ப்பவர்கள் முதலில் சம்ப்பை (தரையடித் தண்ணீர்த் தொட்டியை)ப் பாருங்கள்

சென்னைக்குத் தெற்கே ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், 200 வீடுகள் உள்ள ஓர் அடுக்ககம். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 1,08,000 லிட்டர் வேண்டும். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாய் வராத இடத்தில், போர்வெல்லும் வற்றிய மே மாதத்தில், 12,000 லிட்டர் லாரி தினமும் ஒன்பது நடை அடிக்க வேண்டும்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கிறதா? ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ஊரே வேடிக்கை பார்த்த அந்தத் தண்ணீர், இப்படிப்பட்ட 23 அடுக்ககங்களுக்கு ஒரு நாள் பாடு. அவ்வளவுதான்!

செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-லேயே கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்துவிட்டது. பழைய சென்னை அங்கிருந்து வந்த குழாயை நம்பி வளர்ந்தது. தெற்கே நடந்தது தலைகீழ். ரோடு வந்தது, ஐடி கம்பெனிகள் வந்தன, பதினைந்து மாடிகள் எழுந்தன. தண்ணீரை லாரிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். லாரி எட்டும் தூரம்தான் நகரத்தின் எல்லை என்று ஆகிவிட்டது.

அந்த லாரி நிரம்புவது சுற்றுவட்டார ஊர்களின் விவசாயக் கிணறுகளில். கடலோர மணலில் மழைநீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். ஏறிய உப்பு ஒரு மழைக்காலத்தில் இறங்காது. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் பல வருஷம் இறைத்து, கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்ததைப் பார்த்த பிறகும் தெற்கே அதையே செய்கிறோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதே என்பார்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் வருஷத்துக்கு 1,400 மி.மீ. மழை பெய்தால் 1,30,000 லிட்டர் விழுகிறது. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண்ணில் மூன்றடிக் குழி தோண்டி ஜல்லி கொட்டினால் தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும், கொசுதான் வளரும். களிமண்ணைத் துளைத்து, கீழே மணல் தட்டும் வரை குழாய் இறக்க வேண்டும். செப்டம்பரிலேயே ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். இல்லாவிட்டால் மாடித் தூசியே வண்டலாகப் படிந்து வாயை அடைத்துவிடும்.

தண்ணீர் எங்கிருந்து, எத்தனை லிட்டர் என்று எழுத்தில் காட்டாத கட்டடத்துக்கு பிளான் அப்ரூவலே தரக்கூடாது என்பது என் கருத்து. அந்தச் சட்டம் வரும்வரை வாங்குபவர்தான் கேட்க வேண்டும். லாரி ஒரு நாள் வராவிட்டாலும் தாங்க, 200 வீட்டுக்கு இரண்டு நாள் தண்ணீர் பிடிக்கும் சம்ப் தேவை: நாற்பதடி நீளம், இருபதடி அகலம், பத்தடி ஆழம். டேப் வைத்து அளந்து பாருங்கள். அங்கே ஏற்கெனவே குடியிருப்பவரிடம் போன வருஷத்து ஏப்ரல், மே, ஜூன் பராமரிப்பு பில்லை வாங்கி, லாரித் தண்ணீர் என்ற வரியில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.