வேலையோடு வீடும் போனது

உலகச் செல்வத்தில் 76 விழுக்காடு மேல்மட்ட 10 விழுக்காட்டினரிடம், கீழ்ப்பாதி மக்களிடம் வெறும் 2 என்ற 2022 உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையைச் சொல்லி, இந்த ஏற்றத்தாழ்வுக்குக் கல்விக் குறைவை உங்கள் கட்டுரை முதல் காரணமாக்குகிறது. சரி, ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வளர்ந்த எனக்கு முதலில் தெரிவது வீடு. அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். குடியிருந்த லயத்து வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, தோட்டத்துக்குச் சொந்தம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. வேலை போன கையோடு வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். அடகு வைக்கக்கூட எங்களிடம் ஒன்றுமில்லை. அதனால் நன்றாகப் படித்த அண்ணன் இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவத்தோடு நின்று லோரி ஓட்டப் போனார். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது நல்லதுதான். அதில் வாடகையும் கட்டி வீட்டுக்கு முன்பணமும் எப்படிச் சேர்ப்பது? தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுடைமை பற்றியும் எழுதுங்கள்.